எஸ்எஸ்எச்சில் நுழைந்தாயிற்று, விண்டோ மட்டும் திறக்கவில்லையா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

லேப்டாப் தண்டையார்பேட்டை வீட்டில், கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வர் கிண்டியில். அங்குள்ள மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் விண்டோவை இங்கே திறக்க, தொலைவிலுள்ள கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கே போதும். ஆனால் முதல் தடவை ‘கான்ட் ஓபன் டிஸ்ப்ளே’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எது எங்கே ஓடவேண்டும் என்பதில் குழம்புவதுதான் காரணம்.

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் அமைப்பில் திரையும் கீபோர்டும் மவுஸும் எந்தக் கணினியில் இருக்கின்றனவோ, அதுதான் சர்வர். கிண்டியில் ஓடும் மேட்லாப் அந்தத் திரையைக் கேட்டுப் பயன்படுத்தும் வெறும் கிளையன்ட். ஆகவே எக்ஸ் சர்வர் ஓடவேண்டியது தண்டையார்பேட்டை லேப்டாப்பில். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அது ஏற்கெனவே இருக்கும். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப நுழையவேண்டும். விண்டோஸில் விசிஎக்ஸ்சர்வ் போன்ற ஒன்றை முதலில் ஓடவிட்டு, புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலில் கனெக்‌ஷன், எஸ்எஸ்எச், எக்ஸ்11 என்று போய் ஃபார்வர்டிங்கை டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டுக் கிண்டி சர்வரில் முழு டெஸ்க்டாப்பையும் நிறுவுவது வீண் வேலை. அங்கே தேவை இரண்டுதான்: எக்ஸின் அனுமதிச் சாவியைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல், எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் வரிக்கு ‘யெஸ்’. குறைந்தபட்சமாக நிறுவிய சர்வர்களில் எக்ஸ்ஆத் பல நேரம் இருக்காது. அது இல்லாவிட்டால் ‘யெஸ்’ போட்டும் பயனில்லை. கோப்பை மாற்றியபின் எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்து, புதிதாக லாகின் ஆகவேண்டும். பழைய செஷனைச் சோதனை முடியும்வரை மூடாதீர்கள். கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் உள்ளே போக அந்த ஒரு வழிதான் மிஞ்சும்.

எஸ்எஸ்எச் கமாண்டில் போடவேண்டியது பெரிய எழுத்து எக்ஸ். சின்ன எக்ஸ் போட்டால் ஃபார்வர்டிங் வேண்டாம் என்று அர்த்தம். எர்ரர் எதுவும் காட்டாமல் லாகின் ஆகிவிடும். பெரிய எக்ஸ் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளோடு திறக்கும். அதன் அனுமதி இயல்பாக 20 நிமிடம்தான். அதன்பிறகு புது விண்டோ திறந்தால் மறுப்பு வரும். பெரிய ஒய் முழு அனுமதி தருகிறது. ஆனால் கிண்டி சர்வரில் ரூட், அதாவது முழு நிர்வாகி அதிகாரம் உள்ளவர் நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பார்க்க முடியும், நம்பிக்கையான இடத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். டெபியன், உபுண்டு லேப்டாப்களில் இயல்பு அமைப்பே பெரிய எக்ஸ், பெரிய ஒய் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

மிக மோசமான தவறு, விண்டோ எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் கைவைப்பது. லாகின் ஆனதும் அதன் மதிப்பை எக்கோ செய்து பாருங்கள். ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்று வந்தால் சரி. கிண்டி சர்வர் தன்னுடைய 6010ஆம் போர்ட்டில் காத்திருந்து, வருவதை எஸ்எஸ்எச் குழாய்க்குள் தள்ளுகிறது என்பதே அந்த 10இன் பொருள். யாரோ சொன்னார்கள் என்று ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் லேப்டாப்பின் ஐபியை எழுதிவைத்தால், குழாயை விட்டு வெளியே, மறையாக்கம் எதுவும் இல்லாமல் 6000ஆம் போர்ட்டுக்குப் போக முயலும். வீட்டு ரூட்டரைத் தாண்டி அது வரவும் வராது. அப்புறம் அதே ஆள் ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ போடச் சொல்வார். அது யார் வேண்டுமானாலும் உங்கள் திரையைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவைப்பது. மாறி காலியாக இருந்தால் நீங்களாக நிரப்பாமல், எஸ்எஸ்எச்சைச் சின்ன வி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எங்கே தடைபட்டது என்று அதுவே சொல்லும்.

இணைப்பு போனாலும் டெர்மினல் வேலையைச் சர்வரில் ஓடவிடும் டிமக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். நேற்றைய டிமக்ஸுக்குள் திரும்ப நுழைந்தால், அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லில் நேற்றைய 10.0 இருக்கும்; இன்றைய இணைப்பு 11.0 ஆக இருக்கலாம். டிமக்ஸுக்குள் புது பேன் (திரைப் பகுதி) திறந்தால் சரியாகிவிடும். டிமக்ஸ் விண்டோக்களைக் காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ, புது வண்ணாரப்பேட்டை தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது போன் ஹாட்ஸ்பாட் அறுந்து இணைப்பே போனால், திறந்திருந்த மேட்லாப் விண்டோவும் போய்விடும். அதற்கு, விண்டோக்களைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் எக்ஸ்பிரா அல்லது விஎன்சிதான் சரி.

வேகம் குறைவு என்றதும் எஸ்எஸ்எச் கமாண்டில் பெரிய சி போட்டு, சுருக்கி அனுப்பச் சொல்வது வழக்கம். பேண்ட்வித் குறைவாக இருந்தால் உதவும். ஆனால் எக்ஸ் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் ஒருமுறை போய்க் கேட்டு, பதில் வரும்வரை நிற்கும் ரகம். பெரம்பூரில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தாலும் சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கேள்வி-பதிலுக்கும் 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். மெனு ஒன்று திறக்கவே பொறுமை போய்விடும். பிரௌசரையும் முப்பரிமாண நிரல்களையும் இப்படித் திறக்கவே வேண்டாம்.

ரூட்டாக ஒரு நிரலை ஓட்ட சூடோ போட்டதும் ‘ராங் ஆதென்டிகேஷன்’ வந்தால், உங்கள் ஹோம் அடைவில் இருக்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பு ரூட்டுக்குத் தெரியவில்லை என்று பொருள். சூடோ கமாண்டிலேயே எக்ஸ்அதாரிட்டி மாறிக்கு அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்பையே பூட்ட முடியவில்லை என்று வந்தால் டிஸ்க் கோட்டா நிரம்பிவிட்டதா என்று முதலில் பாருங்கள். இடம் காலி செய்து மறுபடி லாகின் ஆனால் பெரும்பாலும் திறந்துவிடும்.