சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பின் கணக்கைப் படிப்பது எப்படி

உங்கள் நாட்டுச் சங்கத்தின் சார்பில் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பின் பொதுக்குழுவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்கள் முன்பே தடிமனான நிதியறிக்கை ஒன்று மின்னஞ்சலில் வந்திருக்கும், பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் பொருளாளர் திரையில் நாலு படம் காட்டுவார், "ஆட்சேபணை உண்டா?" என்பார், யாரும் வாய் திறப்பதற்குள் கைதட்டல் வந்துவிடும், கணக்கு நிறைவேறிவிடும். அந்தக் கைதட்டலுக்கு முன்னால் என்ன கேட்பது, எதைத் தேடுவது என்பதுதான் இங்கே விஷயம். கணக்கியல் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

முதலில் எண்களை ஒதுக்கி வையுங்கள். விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்துப் போடலாம் என்று பாருங்கள். ஒருவர் மட்டும் போட்டாலே பணம் வெளியேறும் என்றால், மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. பளுதூக்குதல் கூட்டமைப்பில் நடந்தது இதுதான். தமாஷ் அயான் 1976 முதல் பொதுச் செயலாளர், 2000 முதல் தலைவர், 2020 ஏப்ரலில் பதவி விலகும்வரை கிட்டத்தட்ட எல்லாமே அவர் கையில். அந்த ஆண்டு ஜூனில், கூட்டமைப்பு அமர்த்திய சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் தந்த விசாரணை அறிக்கை, 1 கோடியே 4 லட்சம் டாலருக்குக் கணக்கு இல்லை என்றது. ஊக்கமருந்து வழக்குகளுக்காக நாடுகள் கட்டிய அபராதம் ரொக்கமாகவும் வாங்கப்பட்டிருக்கிறது, கணக்குகள் தலைவரின் கட்டுப்பாட்டில் இருந்திருக்கின்றன, செயற்குழுவில் இருந்தவர்களுக்கே முழுப் படம் தெரியவில்லை. ஆகவே நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது: மொத்தம் எத்தனை வங்கிக் கணக்குகள், எந்தெந்த நாட்டில், ஒவ்வொன்றிலும் கையெழுத்து அதிகாரம் யாருக்கு, அந்தப் பட்டியல் முழுவதும் தணிக்கையாளரிடம் இருக்கிறதா, ரொக்கமாக ஏதாவது வாங்குகிறீர்களா. பதில் சொல்ல அரை நாள்கூட ஆகாது. "அது உள் விவகாரம்" என்று இழுத்தார்கள் என்றால், அதுவே ஒரு பதில்தான்.

அடுத்தது, தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் கொள்கை முடிவு செய்ய வேண்டும், சம்பளத்துக்கு இருக்கும் தலைமைச் செயலர் பணத்தைச் செலவழிக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 2015 மே 27 அன்று சூரிக் ஓட்டலில் கால்பந்து நிர்வாகிகள் ஊழல் வழக்கில் கைதான பிறகு, 2016 பிப்ரவரியில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா கொண்டுவந்த சீர்திருத்தத்தின் மையமே இந்தப் பிரிப்புதான். தலைவர் பதவிக்கு மூன்று முறை, அதாவது 12 ஆண்டு என்ற வரம்பும், மேல்மட்ட நிர்வாகிகளின் ஊதியத்தை வெளியிடுவதும் அதோடு சேர்ந்து வந்தவை. உங்கள் கூட்டமைப்பின் அறிக்கையில் தலைவர் எவ்வளவு வாங்குகிறார் என்று தேடிப் பாருங்கள். "கௌரவப் பதவி, சம்பளம் கிடையாது" என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடாமல் தினப்படி, பயணம், வீட்டு வாடகை, கமிஷன் எல்லாவற்றையும் கேளுங்கள். வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்து அமைப்பில் பொதுச் செயலாளராக இருந்த சக் பிளேசருக்கு, அமைப்பு கொண்டுவரும் விளம்பர, ஒளிபரப்பு வருமானத்தில் 10 சதவீதம் கமிஷன். ஒப்பந்தமே அப்படி! நிர்வாகச் செலவு என்ற ஒற்றை வரிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம், அதனால் அந்த வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். 2011-ல் ஃபிஃபா, அப்போது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் தலைவராக இருந்த மிஷேல் பிளாட்டினிக்குக் கொடுத்த 20 லட்சம் சுவிஸ் பிராங்க் நினைவிருக்கும். 1998 முதல் 2002 வரை செய்த ஆலோசனை வேலைக்கு என்றார்கள். எழுதிய ஒப்பந்தத்தில் இருந்தது ஆண்டுக்கு 3 லட்சம், மீதிக்கு வாய்மொழி உடன்பாடு என்பது அன்றைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், பிளாட்டினி இருவரின் வாதம். 2022-லும் மறுபடி 2025-லும் சுவிஸ் நீதிமன்றங்கள் இருவரையும் விடுவித்துவிட்டன, சரி. ஆனால் குற்றமா இல்லையா என்பது வேறு, ஒரு நிறுவனம் ஒன்பது வருடம் கழித்து வாய்ச்சொல்லை நம்பி அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க முடிந்தது என்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

"தணிக்கைச் சான்று இருக்கிறதே" என்பார்கள். இருக்கட்டும். புத்தகத்தில் எழுதியது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர்தான் தணிக்கையாளர், புத்தகத்துக்கே வராத பணம் அவர் கண்ணில் படாது. கால்பந்து ஊழலில் பெரும்பகுதி அப்படித்தான் போனது: ஒளிபரப்பு, விளம்பர உரிமையை வாங்கிய தரகு நிறுவனங்கள் நிர்வாகிகளுக்கு நேரடியாக லஞ்சம் கொடுத்தன. கூட்டமைப்பின் கணக்கில் அது தெரியவே இல்லை, உள்ளே வந்திருக்க வேண்டிய பணம் வழியிலேயே நின்றுவிட்டது. அதனால் செலவுப் பக்கத்தை மட்டும் துருவிக்கொண்டிருக்காதீர்கள், வரவுப் பக்கத்தில்தான் சூட்சுமம். உரிமையை விற்க வெளிப்படையாக ஏலம் விட்டார்களா, எத்தனை பேர் கேட்டார்கள், ஜெயித்த நிறுவனத்தின் உண்மையான முதலாளி யார், செயற்குழு உறுப்பினர் யாருக்காவது அதில் பங்கு உண்டா, இடையில் தரகர் இருந்தால் அவருக்கு எதற்காகப் பணம் என்று கேளுங்கள். இன்னொன்று, பல கூட்டமைப்புகள் சுவிட்சர்லாந்தில் சாதாரண சங்கமாகப் பதிவானவை. அங்கே சொத்து 1 கோடி பிராங்க், வருமானம் 2 கோடி பிராங்க், முழுநேர ஊழியர் 50 பேர் என்ற மூன்றில் இரண்டைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு தாண்டினால்தான் சட்டப்படி முழுத் தணிக்கை கட்டாயம். உங்கள் கூட்டமைப்பு அதற்குக் கீழே இருந்தால், முழுத் தணிக்கையை விதிமுறையிலேயே எழுதச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஆண்டை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக் முடிந்தபின் கோடைக்கால விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்குப் போன மொத்தப் பங்கு சுமார் 54 கோடி டாலர், ஆனால் அது நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை. ஒலிம்பிக் ஆண்டில் லாபம் குவியும், மற்ற மூன்று ஆண்டில் அந்தச் சேமிப்பைத் தின்பார்கள். நாலு ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஸ்பான்சரை நம்பி இருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கமான ஐபிஏ, காஸ்ப்ரோம் என்ற ஒரே ரஷ்ய நிறுவனத்தின் பணத்தைச் சார்ந்திருந்தது. ஒலிம்பிக் கமிட்டி வருடக்கணக்காக எழுப்பிய புகார்களில் அதுவும் ஒன்று, கடைசியில் 2023 ஜூனில் ஐபிஏ-வின் அங்கீகாரமே பறிபோனது.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடம். வளர்ச்சி நிதி. ஏன் சங்கடம் என்றால், அந்தப் பணம் உங்கள் சங்கத்துக்கும் வருகிறது. பெரும்பாலான கூட்டமைப்புகளில் நாடு பெரிதோ சிறிதோ ஓட்டு ஒன்றுதான். தேர்தல் ஆண்டில் தலைவர் தன் விருப்பப்படி மைதானம், உபகரணம், பயிற்சி முகாம் என்று அள்ளிக் கொடுக்க முடிந்தால், அது நிதியா ஓட்டுக்குப் பணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதற்கு எழுதிய சூத்திரம் வேண்டும், வாங்கியவர்கள் பட்டியல் வெளியாக வேண்டும், கொடுத்தபின் அது எதற்குச் செலவானது என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். கட்டடம் கட்டினால் நிலம் யார் பெயரில் என்று பத்திரத்தையே கேளுங்கள். டிரினிடாடில் கால்பந்துப் பணத்தில் எழுந்த உயர் பயிற்சி மையத்தின் நிலம், பிளேசர் இருந்த அதே பிராந்திய அமைப்பின் அப்போதைய தலைவர் ஜாக் வார்னரின் நிறுவனங்கள் பெயரில் இருந்தது. 2013-ல் அந்த அமைப்பே அமர்த்திய நேர்மைக் குழு இதை அறிக்கையில் விரிவாக எழுதியது; உறுப்பு நாடுகளோ நெடுநாள் அதைத் தங்கள் அமைப்பின் சொத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தன.

சுயேச்சையான தணிக்கைக் குழு இருக்கிறது என்றால் சந்தோஷம், ஆனால் அதில் இருப்பவர்களை நியமிப்பது யார், நீக்குவது யார் என்று பாருங்கள். 2016 மே மாதம் ஃபிஃபா பொதுக்குழு, கண்காணிப்புக் குழுக்களின் ஆட்களை நியமிக்கவும் நீக்கவும் செயற்கவுன்சிலுக்கே ஓராண்டு அதிகாரம் கொடுத்தது. தணிக்கைக் குழுத் தலைவர் டொமெனிகோ ஸ்காலா மறுநாளே விலகிவிட்டார். இவ்வளவுக்கும் பெரிய சீர்திருத்தம் நிறைவேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதேபோல, கோடைக்கால ஒலிம்பிக் கூட்டமைப்புகளின் சங்கமான அசோயிஃப் நடத்தும் நிர்வாக மதிப்பீட்டில் உங்கள் அமைப்புக்கு நல்ல மதிப்பெண் வந்திருந்தால், தொடங்கிப் பார்க்க அது நல்ல இடம். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். ஆனால் கூட்டமைப்பே கேள்வித்தாளை நிரப்பித் தருகிறது, வெளியார் அதைச் சரிபார்க்கிறார்கள். காகிதத்தில் விதி இருப்பதற்கும் அது நடப்பதற்கும் உள்ள தூரத்தை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் பாதி வேலை இருக்கிறது. மேடையில் திடீரென்று எழுந்து கேட்டால் "பிறகு விளக்குகிறோம்" என்று உட்கார வைத்துவிடுவார்கள். கூட்டத்துக்கு முன்பே, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் கடைசித் தேதிக்குள், எழுத்தில் அனுப்புங்கள். தனியாக அனுப்பாதீர்கள், இன்னும் நாலைந்து நாடுகளின் கையெழுத்தையும் வாங்குங்கள், ஏனென்றால் தனியாகக் கேட்கும் சங்கத்துக்கு அடுத்த போட்டி நடத்தும் வாய்ப்போ மானியமோ சத்தமில்லாமல் தவறிப்போவது உண்டு. கணக்கை நிறைவேற்றும்போது எதிர்த்து ஓட்டுப் போட்டால் அது நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் நாட்டின் பெயரோடு பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். சுவிஸ் சங்கமாக இருந்தால் சட்டத்தையோ விதிமுறையையோ மீறிய முடிவை, அதற்குச் சம்மதிக்காத உறுப்பினர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், ஆனால் முடிவு தெரியவந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். ஊருக்குத் திரும்பிக் களைப்பாறி, செயற்குழுவைக் கூட்டி, வக்கீலைத் தேடுவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும், அதனால் வக்கீலின் எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.