தசைனுக்கு வீட்டிலேயே ஜமரா வளர்ப்பது எப்படி?

நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைனில், விஜயதசமியன்று வீட்டுப் பெரியவர்கள் இளையவர்களின் நெற்றியில் சிவப்பு டீகா வைத்து, வெளிர்மஞ்சள் முளைகளைச் சூட்டி ஆசீர்வதிப்பார்கள். அந்த முளைதான் ஜமரா. போக்ராவில் என் மாமியார் வீட்டில் செய்கிறபடியே எழுதுகிறேன். முளைப்பாரி போட்டுப் பழகியவர்களுக்குப் பாதி வேலை கைவந்த மாதிரிதான்.

1. விதை: பார்லிதான் முக்கியம். கூடவே மக்காச்சோளம், கோதுமையும் போடலாம். கஞ்சிக்கு விற்கும் தோல் நீக்கிய வெள்ளைப் பார்லி முளைக்கவே முளைக்காது. தோலோடு கூடிய பார்லியைக் கேட்டு வாங்குங்கள். தசைனின் முதல் நாளான கடஸ்தாபனைக்கு முந்தைய இரவே ஊறப்போடுங்கள்.

2. விதைப்பு: கடஸ்தாபனையன்று நல்ல நேரம் பார்த்து நீர் நிறைந்த கலசம் வைத்து, அதன் அருகே விதைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சால் இலையில் தைத்த டபரி என்னும் தட்டில் ஆற்று மணல் பரப்பி விதைக்கிறோம். என்னைக் கேட்டால் பிளாஸ்டிக் தட்டு வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீர் தேங்கிவிடும். டபரி கிடைக்காதவர்கள் அடியில் துளையுள்ள மண்சட்டி எடுத்துக்கொள்ளலாம். விதைமேல் மணலை மெல்லியதாகத் தூவினால் போதும்.

3. இருட்டும் ஈரமும்: இங்கேதான் பலருக்குச் சிக்கல் வரும். வெயில் பட்டால் பயிரில் பச்சையம் உண்டாகிவிடும். ஜமராவின் அழகே அந்த மஞ்சள்தான், அதனால் பூஜையறையின் இருண்ட மூலையில் வைத்து மூங்கில் கூடையால் மூடுங்கள். காற்று போகாத மூடி கூடாது. தண்ணீரை ஊற்றாமல், தினமும் கையால் தெளியுங்கள். தொட்டால் மணல் ஈரமாக இருக்க வேண்டும், விரலில் நீர் சொட்டக் கூடாது.

மூன்றாம் நாள் வாக்கில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ தெரியும். பூஞ்சை என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அவை வேர்த்தூவிகள். மறையாமல் புளித்த வாடையும் அடித்தால்தான் பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு, ஒரு நாள் தெளிப்பைக் குறையுங்கள்.

முன்பெல்லாம் பல வீடுகளில் ஜமரா வளர்க்கும் இந்த 'தசைன் கர்' பூஜையறைக்குள் பெண்கள் போவதில்லை. எங்கள் வீட்டில் தினமும் தெளிப்பது மாமியார்தான். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4. டீகா: அரிசியைக் கழுவி நன்றாக வடித்து, கெட்டித் தயிரும் அபீர் எனும் சிவப்புப் பொடியும் சேர்த்துப் பிசையுங்கள். நீர்த்த தயிர் என்றால் மூக்கில் வழியும். கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் நன்றாக ஒட்டும். ராய், லிம்பு இனக் குடும்பங்கள் பலவற்றில் நிறம் சேர்க்காத வெள்ளை டீகாதான் வழக்கம்.

5. சூட்டுதல்: ஜமராவை வேரோடு மெதுவாகப் பிடுங்கி மணலை அலசுங்கள். மூத்தவரிடமிருந்து தொடங்கி டீகா, ஜமரா, ஆசி, தட்சிணை என்று வரிசையாக நடக்கும். ஆண்கள் காதில் செருகிக்கொள்வார்கள், பெண்கள் கூந்தலில் சூடுவார்கள்.

பின்சேர்க்கை: "பத்தாம் நாள் என்று எண்ணி வைத்தோம், தேதி இடிக்கிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். திதி நீண்டால் ஒரு நாள் கூடும். 2025இல் கடஸ்தாபனை செப்டம்பர் 22, டீகா அக்டோபர் 2. அதனால் நாளை எண்ணாமல் நேபாளப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அன்றே உறவினர் எல்லோரையும் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, தசைன் நிறைவுறும் கோஜாக்ரத் பௌர்ணமி வரை டீகா வாங்கலாம். மீதி ஜமராவை அதுவரை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.