பழைய காரின் வெப்ப முள்ளை நம்பலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வரும் பழைய புரோட்டோன் சாகா, இஸ்வாரா கார்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டே, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வே, இருப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று யாரோ கழற்றியிருப்பார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் ஈப்போ சாலையில் வேகமாக ஓடும்போது போதிய சூட்டுக்கு வராது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். மீட்டரில் வெப்ப முள் அடியில் நிற்பதை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முள் காட்டுவதில் சந்தேகம் வந்தால், எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முதலில் தண்ணீரைப் பாருங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். தண்ணீர் குறைந்தால் முள் ஏறும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரின் நுனி நீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும். நீர் வற்றி அது வெளியே நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கலாம். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால், உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்து வயர். தெர்மோஸ்டாட் கூட்டின் அருகே ஒற்றை வயர் செருகிய சிறிய பித்தளைச் சென்சார்தான் மீட்டருக்கு உரியது. இரண்டு வயர் உள்ளது எஞ்சின் கணினிக்கானது, ரேடியேட்டரில் இருப்பது விசிறி சுவிட்ச். ஆள் மாறிக் கழற்றினால் காசு வீண். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, அந்த ஒற்றை வயரைப் பிடுங்குங்கள். முள் அடிக்கு வரவேண்டும். பிறகு வயர் நுனியை எஞ்சின் இரும்பில் தொடுங்கள். பழைய மீட்டர் மெதுவாகத்தான் நகரும். முள் ஏறத் தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் கெட்டுவிடும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நலம், குற்றம் சென்சாரின் பக்கம். பிடுங்கியும் முள் உச்சியிலேயே நின்றால், வயர் எங்கோ உராய்ந்து பாடியில் படுகிறது. பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவாக மீட்டர் பலகையில் இருக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

புதிய சென்சார் போட்டும் முள் எழவில்லையா? சென்சாரைத் திருகி மாட்டும் மரையைப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு மின்சாரம் திரும்பும் வழியே அந்த மரைதான். அண்மையில் தோட்டத்திலிருந்து வந்த ஓர் இஸ்வாராவில், நீர் கசியாமலிருக்க வெள்ளை டேப்பை மரை மறையும் அளவுக்குச் சுற்றியிருந்தார்கள். அதை உரித்து, கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, சீலண்டை மெல்லிதாகப் பூசி முடுக்கினேன். முள் எழுந்துவிட்டது.

முள் பொய் சொல்லவில்லை, எஞ்சின் மெய்யாகவே சுடுகிறது என்றால்: நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் விசிறியைப் பாருங்கள். ஓட ஓட ஏறினால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கார்களுக்கு ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே மண் இறுகிவிடும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக நீரை மென்மையாக அடித்துக் கழுவுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, சட்டி நீரில் அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் 82 அல்லது 88 என்று டிகிரி செல்சியஸில் பொறித்திருக்கும். ஏறக்குறைய அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் அதே எண்ணுள்ள புதியதை வாங்கி மாட்டுங்கள்.