புயல் நேரத்தில் காரில் கிளம்பலாமா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கார்த்திகை பிறந்துவிட்டால் கல்யாணம், சபரிமலை, அதையடுத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறை என்று குமரி மாவட்டத்து வீடுகளில் கார் ஓயாமல் ஓடும். வங்கக்கடலிலும் குமரிக்கடலிலும் தாழ்வு மண்டலங்கள் உருவாவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். புயல் அறிவிப்பு வந்தபின் வீட்டில் நடக்கும் விவாதம் தைரியசாலிக்கும் பயந்தவருக்கும் இடையிலான வழக்காகவே பல நேரம் முடிந்துவிடுகிறது. அப்படி முடியாமல், புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர்கூட ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நிதானமாக முடிவெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, மார்த்தாண்டத்தில் இருக்கும் ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தத்துக்காகச் சனிக்கிழமை காரில் மதுரைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை காலையில், குமரிக்கடலை ஒட்டித் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வருகிறது.

முதல் படி: பாதையைத் துண்டுகளாகப் பிரித்து நேரம் போடுங்கள்

'புயல் நம்ம ஊருக்கு வருமா?' என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கார் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்பதும், அந்த நேரத்தில் அந்த இடத்தில் வானிலை எப்படி இருக்கும் என்பதும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியவை.

நம் எடுத்துக்காட்டில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் வரையிலான பாதை குறுகலானது. இருபுறமும் மரங்களும் மின்கம்பங்களும் நெருங்கி நிற்பது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் காவல்கிணறு வரை இரண்டாவது துண்டு. மற்ற நாட்களிலேயே காற்று பிய்த்துக்கொண்டு வரும் இடம் என்பதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. கூரையில் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய வேன்களுக்கு இங்கே பக்கவாட்டுக் காற்று பெரிய தொல்லை. காவல்கிணற்றிலிருந்து வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி வரை அகலமான நான்குவழிச் சாலை. திருநெல்வேலியில் தாமிரபரணியைத் தாண்டியபின் கோவில்பட்டி, விருதுநகர், மதுரை என்று நான்காவது துண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் அங்கே இருக்கப்போகும் நேரத்தை எழுதுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் இதேபோல் இன்னொரு பட்டியல் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். சனிக்கிழமை தப்பித்துப் போய்விட்டு, திங்கட்கிழமை வீடு வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது படி: வானிலை அறிக்கையை முழுதாகப் படியுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலேயே அறிக்கை வெளியிடுகிறது. தொலைக்காட்சியில் சுழலும் சிவப்பு வட்டத்தைவிட அதன் நான்கு வரிகள் உங்களுக்கு அதிகம் சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகளை அறவே ஒதுக்கிவிடலாம். 2017-இல் ஒக்கிப் புயலின்போது எடுத்த காட்சிகள் அடுத்த புயலுக்கும் புதிதுபோலவே சுற்றிக்கொண்டிருக்கும்.

அறிக்கையில் வரும் பெயர்களுக்குக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பொருள். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 89-இலிருந்து தீவிரப் புயல். 118-இலிருந்து மிகத் தீவிரப் புயல். மழையைப் பொறுத்தவரை 24 மணி நேரத்தில் சுமார் 6 முதல் 12 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 20 வரை போனால் மிகக் கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. உங்கள் தாளில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் எந்த மாவட்டத்தில் வருகிறது, அந்த மாவட்டத்துக்கு அந்தத் தேதியில் கொடுத்திருக்கும் எச்சரிக்கையின் நிறம் மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்பதை அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அந்தமான் பக்கம் உருவாகி வங்கக்கடலைக் கடந்து வரும் புயல், கரையை நெருங்குவதற்கு முன் சில நாட்கள் அவகாசம் தரும். இலங்கைக்குத் தெற்கிலும் குமரிக்கடலிலும் வலுப்பெறுவது அப்படித் தராது. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. அது குமரிக் கரையைக் கடக்கவே இல்லை. தெற்கே கடல்வழியாகவே மேற்கு நோக்கி நகர்ந்தது. அப்படியிருந்தும் மாவட்டம் முழுவதும் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது நகரும் திசைக்கு வலப்பக்கத்தில் காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும். மேற்கே போகும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. ஒக்கிக்கு வடக்கே இருந்தது நாம். ஆகவே 'கரையைக் கடக்கும் இடம் வேறு' என்ற ஒரு வரியை நம்பிப் பெட்டியைக் கட்டாதீர்கள். அறிக்கையில் 'குமரிக்கடல்' என்ற சொல்லும் 'தாழ்வு மண்டலம்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், புயல் என்று பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே தாளையும் பேனாவையும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது படி: காற்றைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள்

விழுந்த மரத்தை அறுத்து அகற்றிவிட்டால் சாலை திறந்துவிடும். ஆற்றில் வெள்ளம் போனால் அது வடியும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிய மழைக்குப் புயல் என்ற பெயரே கிடையாது. வளிமண்டலச் சுழற்சி என்றுதான் சொன்னார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு சாலைகள் துண்டிக்கப்பட்டன, பயணிகளோடு ஒரு விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. 'புயல் இல்லையே, வெறும் மழைதானே' என்று கிளம்புவது எவ்வளவு தவறான கணக்கு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாவட்டத்துக்குள் பார்க்க வேண்டியவை பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள். முழுக் கொள்ளளவுக்கு முறையே 48 அடியும் 77 அடியும் கணக்கு. ஆனால் பெருமழைக் காலத்தில் அணை நிரம்பும்வரை காத்திராமல் முன்கூட்டியே உபரிநீர் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கோதையாற்றிலும் பரளியாற்றிலும் இறங்கிக் குழித்துறைக்கு வரும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மலையில் எவ்வளவு பெய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதையடுத்துக் குழித்துறைச் சப்பாத்தில், அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலத்தில், தண்ணீர் ஏறியது என்றால், தாழ்வான கிராமச் சாலைகளை உங்கள் திட்டத்திலிருந்து அடித்துவிடலாம். மலையில் பெய்தது ஆற்றில் தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நம் குமரித் தாமிரபரணி வேறு, திருநெல்வேலித் தாமிரபரணி வேறு என்பதால், செய்தியில் எந்த ஆறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. முன்னே ஒரு பேருந்து போனது உங்கள் கார் போகலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

நான்காவது படி: மாற்றுவழியைச் சோதியுங்கள்

இந்த விளக்கத்தின் முக்கியமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. கைப்பேசி வரைபடம் உடனே இரண்டு, மூன்று மாற்றுவழிகளைக் காட்டும். அவை வேறு வேறு கோடுகளாகத் தெரிந்தாலும், ஒரே ஆற்றை வேறு வேறு இடத்தில் கடக்கின்றனவா என்று பாருங்கள். கடக்கின்றன என்றால் உங்களிடம் மாற்றுவழி இல்லை என்றுதான் பொருள்.

நம் மதுரைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலை வேண்டாம் என்று கூடங்குளம், உவரி, திருச்செந்தூர் வழியாகக் கடற்கரைச் சாலையில் போனால், தூத்துக்குடிக்கு முன் ஆத்தூர் அருகே அதே தாமிரபரணி, கடலில் கலக்கப் போகும் அகலத்தோடு குறுக்கே வரும். போதாக்குறைக்குக் கடல்காற்று நேராக அடிக்கும். மேற்கே களியக்காவிளை, திருவனந்தபுரம், கொல்லம் போய், புனலூர், ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டையில் இறங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தொலைவு கூடுவது ஒருபுறம் இருக்க, மழைக்காலத்தில் மண்சரிவு அச்சம் உள்ள மலைப்பாதை அது. தென்காசியில் சிற்றாறும் காத்திருக்கிறது, அதுவும் தாமிரபரணியின் துணையாறுதான். ஆக, திருநெல்வேலி மாவட்டத்துக்கு அதி கனமழை என்று அறிவித்திருக்கும் நாளில் மார்த்தாண்டத்திலிருந்து மதுரைக்குப் பாதுகாப்பான மாற்றுவழி என்று ஒன்றும் இல்லை.

மாற்றுவழி உண்மையிலேயே பயன்படும் சூழலும் உண்டு. திருச்செந்தூர் போய்விட்டு மதுரை செல்வதாக முதலில் திட்டமிட்டிருந்தீர்கள், எச்சரிக்கையோ தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்துக்கு மட்டும், திருநெல்வேலிக்கு மஞ்சள்தான். அப்போது திருச்செந்தூரை விட்டுவிட்டு நான்குவழிச் சாலையில் நேரே போவது நியாயமான முடிவு. ரயிலுக்கு மாறலாமா என்றால், கிளம்பும் முன் 139-இல் விசாரித்துக்கொள்ளுங்கள்; 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் தடத்தில் மண் சரிந்து ரயில்கள் ரத்தாகின என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரைபடத்தில் தெரியாததை ஆளிடம் கேட்க வேண்டும். பாதையில் இருக்கும் உறவினர், பெட்ரோல் பங்க், லாரி ஓட்டுநர் என்று யாராவது ஒருவரிடம், பொதுவாக 'மழை எப்படி?' என்று கேட்காமல், "அண்ணே, பாலத்துக்க மேல தண்ணி ஏறிட்டா? சின்ன கார் போவுதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033.

ஐந்தாவது படி: கெடு வைத்து முடிவெடுங்கள்

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு ஒன்பது மணி என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வந்த கடைசி அறிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். போகும் பாதையிலோ திரும்பும் பாதையிலோ ஒரு துண்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்து, அதைத் தவிர்க்க வேறு ஆற்றுப்படுகை வழியாகப் பாதையும் இல்லை என்றால் ரத்து. ஆரஞ்சு என்றால், பகல் வெளிச்சத்துக்குள் அந்தத் துண்டைத் தாண்ட முடியுமா, இடையில் தங்க இடம் இருக்கிறதா என்ற இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் மட்டும் கிளம்பலாம். மஞ்சள் என்றால் நிதானமாகப் போகலாம். ஒன்பது மணிக்கும் குழப்பம் தீரவில்லை என்றால், அதையும் ரத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே போய்விடுவது என்று இன்னொரு வழியும் இருக்கிறது. பலருக்கு இது தோன்றுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவுதான் மழை தொடங்கும் என்று அறிக்கை சொன்னால், வெள்ளி விடியற்காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் மதுரை சேர்ந்துவிடலாம். ஒரு நாள் கூடுதல் அறை வாடகை, திரும்பும் நாளைத் தள்ளிவைக்கும் விடுப்பு ஆகிய இரண்டும் கைவசம் இருந்தால் எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

முடிவைச் சொல்லும் உரிமை ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கே இருக்க வேண்டும். 'எவ்வளவு புயல் பார்த்திருக்கேன்' என்று பின் இருக்கையிலிருந்து சொல்லும் பெரியப்பாவுக்குப் பாலத்தின் மேல் பிரேக் போடும் பொறுப்பு இல்லை. கட்டிய முன்பணம் திரும்ப வராது என்ற எண்ணத்தையும் இந்தத் தாளுக்கு வெளியே வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டாரிடம் இரவே பேசிவிடுவது மரியாதை: "பெரியம்மா, ரோடு சரியில்ல, முகூர்த்தத்துக்கு வர முடியாது, மறுவீட்டுக்குக் கண்டிப்பா வாறோம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ரத்து செய்தபின் புயல் வராமலும் போகலாம். 2020 டிசம்பரில் புரெவி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எதிர்பார்த்து மாவட்டமே அடங்கிக் கிடந்தது. அது மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்துவிட்டது. அன்று பயணத்தை ரத்து செய்தவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். கையில் இருந்த தகவலுக்கு அதுவே சரியான முடிவு.

ஆறாவது படி: கிளம்பிய பின்

பெட்ரோல் டேங்கை நிரப்பி, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் கைப்பேசி கோபுரமும் படுத்துவிட்டால் ஜிபே வேலை செய்யாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வழியில் சார்ஜ் ஏற்றும் நம்பிக்கையோடு கிளம்பவே வேண்டாம். திரும்பிவிட ஒரு கடைசி இடத்தை முன்பே குறியுங்கள். நம் பயணத்தில் அது காவல்கிணறு. அதுவரை நிலைமை மோசமாகியிருந்தால் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடலாம். நாங்குநேரியைத் தாண்டியபின் மோசமானால், திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்குவதே நல்லது. காற்று பலமானால் மரத்தடியிலும் விளம்பரப் பலகைக்கு அடியிலும் நிறுத்தாதீர்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டுப்போனால், அதற்கென்று தனியாகப் பாதுகாப்பு எடுத்திராத காப்பீட்டில் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

ஏழாவது படி: தள்ளிவைத்த பயணத்தை எப்போது தொடங்குவது

புயல் கடந்த மறுநாள் காலை வெயில் அடித்தாலும், அணையிலிருந்து வரும் தண்ணீர் அன்றுதான் உச்சத்தில் இருக்கக்கூடும். அறுந்த மின்கம்பிகள் சாலையில் கிடக்கும். எச்சரிக்கை நீங்கியதோடு உபரிநீர்த் திறப்பும் குறைந்திருக்கிறதா, உங்கள் பாதையில் அரசுப் பேருந்துகள் வழக்கமான தடத்தில் ஓடத் தொடங்கிவிட்டனவா என்று இரண்டையும் பாருங்கள். மார்த்தாண்டம் பணிமனையிலோ வடசேரி பேருந்து நிலையத்திலோ கேட்டால் இரண்டாவது கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். பேருந்து ஓடத் தொடங்கிய பின்னும் முதல் நாள் பயணத்தைப் பகலோடு முடித்துக்கொள்ளுங்கள்.