இரண்டாம் மேல்முறையீடு: சட்டக் கேள்வியில் நடக்கும் தவறுகள்

முன்சீஃப் கோர்ட்டில் தோற்று, சார்பு நீதிமன்ற அப்பீலிலும் தோற்றவர்கள், “ஹைகோர்ட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார்கள்” என்ற நம்பிக்கையோடுதான் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ வருகிறார்கள். அப்படிப் பார்க்க மாட்டார்கள். சாட்சியத்தை மறுபடி அலசும் இடம் முதல் மேல்முறையீடு. இரண்டாவதற்கு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி, வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கேள்வியை மனுவிலேயே துல்லியமாகச் சொல்லவும் வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, மனக்குறையை எழுதிக் கடைசியில் கேள்விக்குறி போடுவது. “வாதியின் சாட்சியைக் கீழ் நீதிமன்றங்கள் நம்பாதது சரியா?” என்பது சட்டக் கேள்வி ஆகாது. யாரை நம்புவது என்பது அந்த நீதிமன்றங்களின் வேலை. அதுவே இப்படி இருந்தால்? உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கோர்ட்டுக்கு வரவும் முடியும். ஒருவரைக்கூட விசாரிக்காமல் உயில் நிரூபணமாகிவிட்டது என்று தீர்ப்பாகியிருக்கிறது. ஒருவரையாவது விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதை மீறி உயிலை ஏற்றது செல்லுமா என்றால், அது சட்டக் கேள்வி.

சரி, அப்படியானால் சாட்சியம் பற்றி வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம். ஆதாரமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தாலோ, முக்கியமான ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலோ அதுவும் சட்டக் கேள்வியாகும். ஆனால் எந்த ஆவணம், அது இருந்தும் முடிவு எப்படிப் பிசகியது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். “தீர்ப்பு முறைகேடானது” என்று பொதுவாக எழுதினால் முதல் நாளே தள்ளுபடிதான்.

எது முக்கியமான கேள்வி என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1962இல் சுனிலால் மேத்தா வழக்கில் அளவுகோல் வைத்தது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1951இல் சொன்ன கருத்தை ஒட்டியே அது அமைந்தது. கேள்வி தரப்பினரின் உரிமையை நேரடியாகப் பாதிக்க வேண்டும். இன்னும் முடிவாகாத, இரு விதமாக வாதிட இடமுள்ள கேள்வியாகவும் இருக்கலாம். முடிவான சட்டத்தையே கீழ் நீதிமன்றம் மீறியிருந்தாலும் கேள்வி எழும்.

பிராதிலோ (வாதியின் வழக்கு மனு) எதிர் உரையிலோ (பிரதிவாதியின் பதில்) இல்லாத புது வாதத்தை இங்கே கொண்டுவருவது இன்னொரு தவறு. அடித்தளம் அங்கேயே இருக்க வேண்டும் என்று சந்தோஷ் ஹசாரி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருபது கேள்விகளை அடுக்குவதும் உதவாது, உருப்படியான ஒன்று அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அப்புறம், கெடு 90 நாள். வெறும் பணம் வசூலிக்கும் வழக்கு, தொகையும் 25,000 ரூபாய்க்குள் என்றால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது.

ஜெயித்த தரப்பும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் கேள்வியை வகுத்து அனுமதித்துவிட்டது என்பதால் வழக்கு கைவிட்டுப் போகவில்லை. “இந்தக் கேள்வியே இவ்வழக்கில் எழவில்லை” என்று இறுதி விசாரணையிலும் வாதிட அதே சட்டத்தின் 100(5) பிரிவு இடம் தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஒற்றை நீதிபதி தீர்ப்புச் சொன்ன பிறகு அதே நீதிமன்றத்தில் இருவர் அமர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், அந்த வாதத்தை அன்றே வைத்துவிடுங்கள்.