ஆட்டோகேட் திடீரென்று மூடிக்கொண்டால்

எங்கள் அலுவலகத்தில் சேரும் ஜூனியர்களுக்கு லேயர் பற்றிச் சொல்லும் முன்பே, கட்டட வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேட் திடீரென்று மூடிக்கொண்டால் டிராயிங்கை எப்படி மீட்பது என்று சொல்லிக்கொடுத்துவிடுவேன். மறுநாள் காலையில் கம்பி கட்டும் ஆட்கள் ஃபூட்டிங் (அஸ்திவார) டிராயிங்குக்காகக் காத்திருப்பார்கள். அது தொலைந்தால் அவர்களுடைய ஒருநாள் கூலியும் போய்விடும்.

ஆட்டோகேட் இப்படித் திடீரென்று தானாக மூடும்போது ‘மாற்றங்களைச் சேமிக்கவா’ என்று கேட்டால் ‘யெஸ்’ கொடுங்கள். மூல ஃபைலைத் தொடாமல், பெயரோடு ‘_ரிகவர்’ சேர்த்துத் தனி ஃபைலாக வைக்கும். மறுபடி திறந்ததும் டிராயிங் ரிகவரி பட்டியல் வரும். வராவிட்டால் ‘டிராயிங்ரிகவரி’ (DRAWINGRECOVERY) என்று கமாண்ட் அடியுங்கள். அதில் ஒவ்வொன்றின் தேதி, நேரத்தைப் பார்த்து, கடைசியாக எழுதப்பட்டதைத் திறந்து வேறு பெயரில் சேமியுங்கள். பழைய ஃபைல் மேலேயே சேமிக்க வேண்டாம்.

பட்டியல் காலியா? விண்டோஸ் ரன் பெட்டியில் %டெம்ப்% (%temp%) அடித்து டெம்ப் ஃபோல்டருக்குப் போங்கள். இடையிடையே தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் எழுதும் ‘.எஸ்வி$’ (.sv$) ஃபைல் அங்கேதான் இருக்கும். டெஸ்க்டாப்புக்கு ஒரு காப்பி எடுத்து, பின்னொட்டை ‘.டிடபிள்யூஜி’ (.dwg) என்று மாற்றுங்கள். பின்னொட்டே தெரியவில்லை என்றால், எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ஸை டிக் செய்யுங்கள். அந்தக் காப்பியை டபுள் கிளிக் செய்யாதீர்கள். ‘ரிகவர்’ (RECOVER) கமாண்டில் திறந்தால் பிழைகளைச் சரிபார்த்தே திறக்கும். எக்ஸ்ரெஃப் (இணைத்துக் காட்டும் வேறு டிராயிங் ஃபைல்கள்) உள்ள பிளான் என்றால் ‘ரிகவர்ஆல்’ (RECOVERALL).

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒழுங்காக மூடினால் ஆட்டோசேவ் ஃபைலை ஆட்டோகேட்டே அழித்துவிடும். அவசரத்தில் நீங்களே ‘நோ’ அழுத்தி மூடினாலும் அது ஒழுங்காக மூடியதுதான். அப்போது மிஞ்சுவது, கடைசியாகச் சேமித்த டிராயிங்கும், அதே ஃபோல்டரில் உள்ள ‘.பேக்’ (.bak) ஃபைலும் மட்டும். கடைசி சேவுக்கு முந்தைய நிலைதான் ‘.பேக்’கில் இருக்கும். அதனால் ‘நோ’வுக்கு முன் ஒரு மூச்சு நிதானியுங்கள், தம்பி.

ஆட்டோசேவ் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். ‘சேவ்டைம்’ (SAVETIME) அடித்து 5 ஆக்கிக்கொள்ளுங்கள். 0 வைத்தால் ஆட்டோசேவே நின்றுவிடும். அப்படி வைத்த கம்ப்யூட்டரைக் கண்டால் எனக்குப் பதறும். ‘ஐசேவ்பேக்’ (ISAVEBAK) 1ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் ‘.பேக்’ உருவாகாது. டெம்ப் ஃபோல்டரை அடிக்கடி காலி செய்கிற கம்ப்யூட்டர் என்றால், ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் பகுதிக்குப் போய் ஆட்டோசேவ் இடத்தை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.