தீவில் நண்பர்களோடு சாப்பிடப் போகும்போது நடக்கும் தவறுகள்

நாங்கள் ஏழு பேர் ஒரு சின்னத் தீவில் இறங்கிய முதல் நாள். மாலை முழுக்கக் கடலில் கிடந்தோம். அப்புறம் குளித்து, உடை மாற்றி, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, ஒன்பதரை மணிக்குத்தான் சாப்பிடக் கிளம்பினோம். முதல் உணவகத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் அடுப்பை அணைத்தாகிவிட்டது. மூன்றாவதில், இரண்டு பேருக்கு மட்டும்தான் ஏதாவது தேறும் என்றார்கள். யார் தாமதம் செய்தது என்று பசியோடு ஆளாளுக்குச் சண்டை போட்டோம். அன்றைக்கு இரவுச் சாப்பாடு பையில் இருந்த பிஸ்கட்.

தீவுக்காரர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. ஊரில் எந்த நேரத்திலும் எங்கேயாவது போய்ச் சாப்பிடுவதுபோல அங்கேயும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நாங்கள் நினைத்ததுதான் தவறு. அதன்பிறகு போன பயணங்களில் நான் கவனித்தவரை, தீவில் சாப்பாட்டை ஒட்டி வரும் சங்கடங்களில் பாதிக்குமேல் இந்த நினைப்பிலிருந்தே வருகின்றன.

பசித்த பிறகு யோசிப்பது

பூமத்தியரேகையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சூரியன் அங்கே செங்குத்தாக இறங்குவதால் நீண்ட அந்திப் பொழுது கிடையாது. அஸ்தமனம் ஆகி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். சிறிய தீவுகளில் கடைகளும் அடுப்புகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன.

காய்கறி, அரிசி, எண்ணெய், எரிவாயு என்று முக்கால்வாசிப் பொருட்கள் படகில் வருகின்றன. கடல் கொந்தளித்தால் படகு வராது. அதனால் சமையற்காரர் அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று மதிப்பிட்டு அந்த அளவுக்குத்தான் வாங்கி வைப்பார். அந்தச் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஏழு பேர் போய் நிற்பது பெரிய பாரம். மதியமே ஒரு நடை போய், இரவு இத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் மாறிவிடும். நல்ல மீனில் ஒன்றை எடுத்து வைப்பார்கள், இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

சொல்லப் போகும்போது கடை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்க வேண்டாம், கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இருக்கும். கூடவே, இன்றைக்குப் படகில் என்ன வந்தது என்றும் கேளுங்கள். சின்னத் தீவில் பத்துப் பக்க மெனு இருந்தால், அதில் பெரும்பகுதி உறைபெட்டியில் இருக்கிறது என்று பொருள். உறைய வைத்தது எல்லாமே மோசம் இல்லை. ஆனால் புதிய மீன் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

எங்கே சாப்பிடுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆளுக்கொரு விருப்பம் சொல்லி, யாரும் யாரையும் மறுக்க முடியாமல், கடைசியில் யாருக்கும் பிடிக்காத இடத்தில் போய் உட்கார்வோம். ஒரு நாளைக்கு ஒருவர் என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. அன்றைக்கு அவர் சொன்னதுதான் இடம், மற்றவர்கள் குறை பேசக் கூடாது.

பக்கத்துத் தீவுக்கு, அல்லது தீவின் மறுபக்கத்துக்குப் போய்ச் சாப்பிடுவதாக இருந்தால், திரும்பி வருவதற்குக் கடைசிப் படகு எப்போது என்பதைப் படகுக்காரரிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கால அட்டவணையில் ஒன்று இருக்கும், அன்றைய அலைக்கு ஏற்றபடி இன்னொன்று நடக்கும்.

மீன் விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

நல்ல மீனா என்று பார்க்க நம்மில் பலருக்குத் தெரியும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். வெப்பமண்டலத் தீவில் இது மட்டும் போதாது. காலையில் பிடித்த, துள்ளிக்கொண்டிருந்த மீனிலும் ஆபத்து இருக்க முடியும்.

அதன் பெயர் சிகுவாட்டெரா. பவளப்பாறைகளில் படரும் பாசியோடு ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இந்த நஞ்சு வருகிறது. பாசியை மேயும் சின்ன மீனுக்குள் போய், அதைத் தின்னும் பெரிய மீனுக்குள் சேர்ந்து, மேலே போகப் போக அடர்த்தியாகிறது. 1970களில் பசிபிக்கில் உள்ள காம்பியர் தீவுகளில் அந்த நுண்ணுயிரைக் கண்டுபிடித்ததால் அந்தத் தீவுகளின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். நோய் மிகப் பழையது. 1774இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் இருந்தவர்கள், பசிபிக்கில் இன்றைய வனுவாட்டுத் தீவுகளுக்கு அருகே பிடித்த மீனைச் சாப்பிட்டு இப்படித்தான் படுத்தார்கள்.

இந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. வெள்ளிக் காசு கறுக்கிறதா, ஈ மொய்க்கிறதா என்ற பழைய சோதனைகள் எதற்கும் உதவாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அப்புறம் உதடும் விரல் நுனியும் மதமதக்கும். பலருக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவதுபோல இருக்கும். நரம்பு சம்பந்தமான இந்தத் தொல்லைகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

இதற்காக மீனையே விட வேண்டியதில்லை. பாறைகளில் வேட்டையாடும் பெரிய மீன்களைத் தவிர்த்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். பெரிய களவா, சீலா, அஞ்சாளை ஆகியவை அந்த வகை. எந்த மீனாக இருந்தாலும் தலை, ஈரல், சினை வேண்டாம், நஞ்சு அங்கேதான் அதிகம் தேங்குகிறது. கூட்டமாகப் போகும்போது ‘எல்லோருக்கும் போதுமான பெரிய மீனாகக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லத் தோன்றும். படம் எடுக்க அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பெரிய மீனுக்குப் பதில் இரண்டு மூன்று சின்ன மீன்களாகக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் வேறொரு தொல்லை உண்டு. பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமையின்போது நம் உடலிலும் சுரக்கும் வேதிப்பொருள் சேர்கிறது. சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மீன் ஒவ்வாமை வந்துவிட்டதென்று பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். வாயில் வைத்ததும் மிளகுபோலச் சுருக்கென்று காரம் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். காசு போனால் போகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலையில் மூச்சுக்குழாயை வாயில் வைத்து நீந்தும் ஸ்நார்க்கலிங் போய்ப் பவளப்பாறையைப் பார்த்து வியந்துவிட்டு, இரவு அந்தப் பாறையைக் காப்பாற்றும் மீனையே தட்டில் வைத்துச் சாப்பிடுகிறோம். பச்சையும் நீலமுமாக இருக்கும் கிளிஞ்சான் மீன் பவளத்தின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று அதை வாழ வைக்கிறது. சுரண்டிய பவளத்தை அரைத்து மணலாக வெளியேற்றுவதும் அதுதான். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாடு 2009இல் இதைப் பிடிப்பதற்கே தடை போட்டது. தடை இல்லாத தீவிலும் நாமாகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சிங்கி இறாலுக்குப் பல தீவுகளில் பிடிக்கக் கூடாத காலம் என்று ஒன்று உண்டு. பஹாமாஸில் அது ஏப்ரல் முதல் ஜூலை முடிய. அந்த மாதங்களில் ‘இன்று பிடித்தது’ என்று யாராவது நீட்டினால், அது பழையதாகவோ திருட்டுத்தனமாகப் பிடித்ததாகவோதான் இருக்கும்.

சூடு, ஐஸ், எலுமிச்சை

சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையே இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சாதாரணமாக இரண்டு மணி நேரம் வரை வெளியே இருக்கலாம் என்பார்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் கடற்கரையில் விரித்து வைத்திருக்கும் பஃபேவுக்குத் திறந்தவுடன் போவது நல்லது. மிஞ்சியதைப் பார்சல் கட்டி, அறையில் வைத்து, நடுராத்திரியில் தின்பது நண்பர்கள் கூட்டத்தின் பழக்கம். குளிர்பெட்டி இல்லாத அறையில் அதைச் செய்யாதீர்கள். தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டு, ஜூஸில் போடும் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதும் இதே வகைத் தவறு.

எலுமிச்சை விஷயம் பலருக்குத் தெரியாது. வெயிலில் உட்கார்ந்து மீன்மேலோ குடிக்கிற பானத்திலோ எலுமிச்சை பிழிந்துவிட்டுக் கையைக் கழுவாமல் இருந்தால், சாறு பட்ட இடம் சூரிய ஒளியில் வெந்துபோகும். அப்போது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும், பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். பிழிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், அவ்வளவுதான்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முத்திரை இல்லாத பாட்டிலிலிருந்தோ வாளியிலோ கலக்கித் தரும் மலிவான சாராயத்தைத் தொடாதீர்கள். மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவால் 2009இல் இந்தோனேசியாவின் பாலி, லொம்போக் தீவுகளில் 25 பேர் செத்துப்போனார்கள், அதில் வெளிநாட்டவரும் உண்டு. முதல் நாள் குடித்தவருக்கு மறுநாள் கண் மங்கலாகத் தெரிகிறது என்றால், போதை தெளியவில்லை என்று தூங்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், திரும்பி வரும்போது ஸ்கூட்டரை யார் ஓட்டுவது என்பதைக் குடிக்க ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பில் வரும்போது

நட்பில் விரிசல் விழுவது இங்கேதான். எங்களோடு வந்த ஒரு நண்பன் குடிக்க மாட்டான், கடல் உணவும் சாப்பிட மாட்டான். மூன்று இரவும் சோறும் காய்கறியும்தான் அவனுக்கு. மூன்று இரவும் பில்லை ஏழாகப் பிரித்தோம். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள், தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டான். ஊருக்குத் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. சமமாகப் பிரிப்பது நியாயம்போலத் தெரியும். குறைவாகச் சாப்பிடுகிறவனுக்கும் கையில் குறைவாக வைத்திருப்பவனுக்கும் அது நியாயமே இல்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். கிளம்பும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப்பையில் போட்டுவிடுகிறோம். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதற்கு மட்டும் அந்தப் பணம். குடியும் சிங்கி இறால் மாதிரி விலை உயர்ந்ததும் அவரவர் கணக்கு. ஒரு வேளைக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை, கையிருப்பு குறைவாக உள்ள நண்பரை வைத்து முடிவு செய்ய வேண்டும். அவரைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

மெனுவில் மீனுக்கு நேரே விலை போடாமல் ‘அன்றைய விலை’ என்று இருந்தால், அது 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று கேட்டு, உங்கள் முன்னால் எடை போடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு சமைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்த பில்லுக்கு மேலும் டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம், கடமை இல்லை. கார்டு இயந்திரம் உள்ளூர்ப் பணத்திலா, உங்கள் நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாக இருக்கும். நெட்வொர்க் போனால் கார்டும் இல்லை, அதனால் ஒரு இரவுச் சாப்பாட்டுக்கான ரொக்கம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

சைவ நண்பர் கூட வந்தால் ‘சைவம்’ என்ற ஒரு சொல்லை நம்பிவிடாதீர்கள். பல தீவுகளில் மீன் சாறும் இறால் விழுதும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். அதை அவர்கள் அசைவமாகவே நினைப்பதில்லை. மீன் சாறு வேண்டாம், இறால் விழுது வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர் விஷயம். உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைச் சமையற்காரரிடமே காட்டிவிடுங்கள்.

கடைசி இரவில் புதிய இடம் தேடிப் போகிறவர்கள் அதிகம். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் படகு இருக்கும், பழக்கமில்லாத சிப்பியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பச்சையாகத் தின்று பார்ப்பார்கள். அலையில் ஆடும் படகில் அந்த வயிற்றோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். கடைசி இரவுக்கு, முதல் இரண்டு நாட்களில் எல்லோருக்கும் பிடித்திருந்த இடத்துக்கே திரும்பப் போங்கள். பரிமாறுகிறவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும். யாருக்கு மீன் ஆகாது, யாருக்குக் காரம் வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். நாங்கள் அப்படித் திரும்பிப் போன ஒரு இடத்தில், கேட்காமலேயே அந்த நண்பனின் முன்னால் முதலில் ஒரு தட்டுக் காய்கறியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.